வாலுக்குத் தோள் கொடுத்த நாள்

மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை சுமந்து, வாடகை வண்டி ஓட்டி, கடைசியில் சொந்த டிராக்டர், சொந்த கிரேன் என்று நிமிர்ந்து நின்றேன். பாண்டிச்சேரியில் கனமான எதை நகர்த்த வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். மில்லின் பாய்லரை நகர்த்தியிருக்கிறேன். கோயில் தேரை நகர்த்தியிருக்கிறேன். விமானத்தை நகர்த்தியவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

லாஸ்பேட்டை மைதானத்து ஓரக் கொட்டகையில் அது நின்றது. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் ஒருவருடையது. தமிழர்தான், ஆனால் வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் அவர் முசே. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கடியில் உள்ளங்கையளவு ஒன்று. அதனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்திக்கொண்டுதான் நிற்கும். துணி போர்த்திய றெக்கை. கண்ட இடத்தில் கை வைத்தால் பொத்துக்கொள்ளும். வால் சக்கரத்தில் மாட்டி டிராக்டரால் இழுக்க நானே ஒரு கம்பியை வெல்டு வைத்துச் செய்தேன். பிரான்சிலிருந்து வந்த முசேயின் நண்பர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

என் மனைவி வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். மார்க்கெட்டில் மீன் விற்றவள். அவள் கூடையைச் சுமந்துதான் அவள் மனசைப் பிடித்தேன். சுனாமிக்கு மறுவருஷம் அவளுக்கு வயிற்றில் புற்று என்றார்கள். முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள்.

எது கேட்டாலும் வாங்கிக் கொடுக்கிற வசதி என்னிடம் இருந்தது. என்ன வேணும் சொல்லு என்றேன்.

“உன் பிளேன்ல ஒரு தபா ஏத்துய்யா.”

“மூலக்குளத்துல நான் கட்டுன மூணு மாடிய மேலருந்து பாக்கணுமா?”

“நெதம் அத பெருக்குறவளே நான்தான். மேல வேற ஏறிப் பாக்கணுமாக்கும். கடலப் பாக்கணும்யா. எங்கப்பா போனாரு, எங்கண்ணனுங்க போறானுங்க. பொம்பளன்னு என்னை ஒரு நாளும் போட்டுல ஏத்தல. அப்பிடி எங்கதான் போறானுங்கன்னு பாத்துட்டா போதும்.”

முசே ஒரே வார்த்தையில் சரி என்றார். அலைந்து அனுமதியும் வாங்கிவிட்டார்.

பறக்கக் குறித்த காலையில் பார்த்து மைதானம் சேறாகக் கிடந்தது. இரவெல்லாம் மழை. டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும், கையால் தள்ளுவோம் என்றேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன என் ஆட்கள் திரும்பவில்லை. தங்கச்சிக்காக மச்சான்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். கடலில் கிடந்து உரமேறிய உடம்பு இருவருக்கும்.

அவளால் சேற்றில் நடக்க முடியாது. கொட்டகையிலேயே தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முசே அவளுக்கு பெல்ட் மாட்டினார்.

“மச்சான், வாலை இடுப்புக்கு மேல தூக்கக் கூடாது. தூக்குனா மூக்கு கவுந்துடும்” என்று சொல்லிவிட்டு நான் றெக்கையைத் தாங்குகிற தண்டைப் பிடித்தேன்.

“நாப்பது வருசமா படகு தள்ளுறோம். எங்களுக்கே சொல்றியா மாப்ள?” என்று சின்ன மச்சான் சிரித்தார்.

ஓடுபாதைக்குப் போகும் வழியில் முன் சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. தள்ளினோம், அசையவில்லை. கரையில் படகு மணலில் சிக்கினால் குப்பத்து ஆட்கள் யோசிப்பதில்லை. பின்பக்கத்துக்குக் கீழே குனிந்து தோளைக் கொடுத்து எம்புவார்கள். அது உடம்பு செய்கிற வேலை.

“தோள் குடுரா!” என்றார் பெரிய மச்சான்.

நான் “வேணாம்” என்று கத்துவதற்குள் வால் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. மூக்கு கவிழ்ந்து, அதன் முனையில் சுற்றுகிற மரக் காத்தாடியின் நுனி தரையில் ஊன்றி, படீரென்று பிளந்தது.

மெல்ல வாலை இறக்கினோம். முசே காத்தாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிரான்சுலேர்ந்துதான் வரணும்” என்றார். பெரிய மச்சான் சேற்றிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ஏண்ணே அழுவுற? அலை ஏறி எறங்குன மாரி இருந்துச்சு. உன் போட்டும் இப்பிடித்தான் போவுமா?”

“இப்பிடித்தாம்மா போவும்” என்றார் அவர், முகத்தைத் துடைக்காமல்.

காத்தாடி வருவதற்குள் அவள் போய்விட்டாள். எத்தனையோ டன்னை நகர்த்தியவன் நான். அந்தக் காத்தாடிப் பெட்டி பிரான்சிலிருந்து வரும் நாளை ஒரு நாளாவது முன்னால் நகர்த்த என்னால் ஆகவில்லை.

புதுக் காத்தாடி மாட்டியதும் முசே ஆள் அனுப்பினார். மச்சான்களும் வந்தார்கள். தரை காய்ந்திருந்தது, டிராக்டரும் இருந்தது. ஆனாலும் பெரிய மச்சான் கையால்தான் தள்ளுவேன் என்றார். வாலை இடுப்புக்கு ஒரு விரல்கூட மேலே விடாமல், குழந்தையை ஏந்துகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார்.

“நீயாவது ஏறு” என்றார் முசே என்னிடம்.

“அது அவ சீட்டு, முசே.”

அவர் கட்டாயப்படுத்தவில்லை. பின் சீட்டு பெல்ட்டை, ஆள் இருக்கிற மாதிரியே மாட்டிவிட்டு, தனியாகக் கிளப்பிக்கொண்டு போனார். விமானம் கடல் பக்கம் திரும்பியது. கொசுவளவு ஆனது. பிறகு அதுவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றோம்.

“எங்க போறாருன்னு தெரியுதா மாப்ள?” என்று கேட்டார் பெரிய மச்சான்.

“தெரியல மச்சான்” என்றேன்.