எது முதலில் உடையும் என்று கேட்ட அக்கா

செவ்வாய்க்கிழமை காலை சான்டா கிளாராவில், என் அலுவலக மேசையடியில் டப்பாவை ஒளித்துவைத்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். டெக்சஸிலிருந்து போன். மங்கையர்க்கரசி அக்காவின் மகள் கயல்தான் பேசினாள்.

"அங்கிள், அம்மா பாஸ்ட் அவே. ஹார்ட் அட்டாக். திஸ் மார்னிங்."

பதினேழு வயதுப் பெண்ணின் குரல் நடுங்கவில்லை. நான்தான் டப்பாவைத் தவறவிட்டேன். சட்னி முழுவதும் நான் மேலதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையின் மேல் கொட்டியது. அதைத் துடைக்காமலே விமான டிக்கெட் தேட ஆரம்பித்தேன்.

இந்தத் தமிழ்ச் சங்க மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மங்கையர்க்கரசி அக்காவின் ஆட்டுக்கறியைத் தின்றவர்கள். அவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். அக்கா சாத்தூர்க்காரர். சென்னையில் உலோகவியல் படித்து, கணவர் சிவஞானம் அண்ணனோடு அமெரிக்கா வந்து, டாலஸ் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தார். நல்ல பொருளாகப் பார்த்து எடுத்து, அது உடையும்வரை அழுத்தி, எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதிவைப்பது அவர் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். நானும் ஆயுள் முழுக்கப் பொருள்களை உடைத்திருக்கிறேன். திட்டு மட்டுமே கிடைத்தது.

அப்போது நானும் டாலஸை ஒட்டிய பிளானோவில்தான் இருந்தேன். அங்கிருந்த எங்கள் எட்டுத் தமிழ்க் குடும்பங்களில் அக்காவைக் கேட்காமல் யாரும் கார் வாங்கியதில்லை, ஃப்ரிட்ஜ் வாங்கியதில்லை. அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இதுல எது முதல்ல உடையும்?" என் மைத்துனிக்கு ஒரு வரன் வந்து, போட்டோவைக் காட்டினோம். "பையன் லட்சணமாத்தான் இருக்கான். எது முதல்ல உடையும்னு விசாரிச்சீங்களா?" என்றார். விசாரித்தோம். கோபம் வந்தால் தட்டை எறிவானாம். சம்பந்தத்தை விட்டுவிட்டோம். அந்தப் பையனை இப்போது இரண்டாவது மனைவியும் விட்டுப் போய்விட்டாள் என்று கேள்வி. வம்பு எனக்கெதற்கு, காதில் விழுந்ததைச் சொன்னேன்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. தொழிற்சாலையை மூடினார்கள். அக்காவோடு வேலை போனவர்கள் நியூ ஜெர்சிக்கும் கலிபோர்னியாவுக்கும் பெட்டி கட்டினார்கள். அக்கா மட்டும் பிளானோவுக்கு வடக்கே, தாங்கள் குடியிருந்த பதினோரு ஏக்கர் புல்காட்டில் முப்பது ஆடுகளை வாங்கி விட்டார். "ஒரு வருஷம் தம்பி. பட்டி நின்னுட்டா நாங்களும் இங்கயே நிப்போம். நிக்கலைன்னா சாத்தூருக்கு டிக்கெட் போட்டுருவோம்" என்றார். சிவஞானம் அண்ணன் சுத்த சைவம். ஒவ்வொரு குட்டிக்கும் நாயன்மார் பெயராக வைத்துக்கொண்டு வந்தார். "விக்கிற ஆட்டுக்குப் பேர் வைக்காதீங்க" என்று அக்கா தடுப்பதற்குள் பதினான்கு நாயன்மார்கள் ஆகியிருந்தார்கள்.

செப்டம்பரில் கயோட்டிகள் வந்தன. ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க பிராணி. விடியற்காலையில் மூன்று நான்காகச் சேர்ந்து வரும். இரண்டு வாரத்தில் ஏழு குட்டிகள் போயின. வேலியை உயர்த்தினார்கள்; அடியில் தோண்டிக்கொண்டு வந்தன. விளக்கு போட்டார்கள், வெளிச்சத்தில் வசதியாகத் தின்றன. பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஹேங்க் வந்து பார்த்துவிட்டு, "ரைஃபிள் வாங்குங்கள். செமி-ஆட்டோமேட்டிக், தானே தோட்டா ஏற்றிக்கொள்வது. ஒன்றைச் சுட்டுவிட்டு அடுத்த தோட்டாவைக் கையால் ஏற்றுவதற்குள் மற்றவை குட்டியோடு போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் அடியேன் நுழைகிறேன். கல்லூரி என்.சி.சி.யில் ஒரே ஒருமுறை சுட்டவன் நான்; குண்டு பக்கத்துப் பையனின் இலக்கு அட்டையில் பட்டு, அவன் பரிசு வாங்கினான். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் துப்பாக்கிப் பத்திரிகைகளை நின்றபடியே ஓசியில் படித்ததில் எல்லா பிராண்டும் எனக்கு அத்துப்படி. சனிக்கிழமை நான், அக்கா, அண்ணன், அப்போது சிறுமியாக இருந்த கயல் நால்வரும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். வழியெல்லாம் என் சொற்பொழிவு.

கடைக்காரர் கண்ணாடி மேசையில் மூன்று பிராண்டுகளை வரிசையாக வைத்தார். முதலாவது, பத்திரிகை அட்டைகளில் வருகிற கறுப்பு அழகன். இரண்டாவது, பெல்ஜியத்தில் செய்தது. மரத்தில் வரி ஓடும், இரும்பில் பூவேலை. மூன்றாவதைப் பார்த்தால் பள்ளிக்கூட பெஞ்சை உடைத்துச் செய்தது போலிருந்தது.

"அக்கா, கண்ணை மூடிட்டு கறுப்பை எடுங்க. இதுதான் டாப்" என்றேன்.

"கண்ணை மூடிட்டு எடுக்கறதுக்கா இம்புட்டுத் தூரம் டிரைவ் பண்ணி வந்தேன்? நீ சும்மா இரு தம்பி."

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தே பேசினார். அண்ணன் கும்பிடாத குறையாக அக்காவைக் காட்டினார். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். நானும் அக்காவைக் காட்டினேன். வேறு வழியில்லாமல் அவர் ஐந்தடி உயரத்துக்குக் குனிந்து, "என்ன வேண்டும், மேம்?" என்றார்.

"இந்த மூன்றில், எதில் எது முதலில் உடையும்?"

அவர் சிரித்தார். "எதுவுமே உடையாது மேம். ஆயுசுக்கும் வரும்."

அக்கா எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஒண்ணுமே உடையாதுன்னா இவர் இன்னும் உடைச்சுப் பாக்கலைன்னு அர்த்தம்." பிறகு ஆங்கிலத்தில், "இவற்றை ரிப்பேர் பண்ணுகிறவர் யார்? அவரைப் பார்க்கலாமா?"

"அம்மா, யூ ஆர் எம்பாரஸிங் மீ" என்று கயல் பல்லைக் கடித்தாள்.

பின்னறையிலிருந்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு கிழவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா அதே கேள்வியைக் கேட்டார். கிழவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் மூவரும் அங்கே இருந்ததாகவே அவர்கள் இருவருக்கும் நினைவில்லை. ஸ்பிரிங் எந்தக் கம்பி, எஃகை எப்படிக் காய்ச்சிக் குளிர்வித்திருக்கிறார்கள், எந்த மூலையில் கீறல் விழும் என்று, சம்பந்தி வீட்டார் போல அப்படி ஒரு பேச்சு.

நான் புரிந்துகொண்டது இவ்வளவு. மூன்றுமே நல்ல சரக்கு. பெல்ஜியத்துக்காரனுக்கு உதிரி பாகம் கடல் தாண்டி வரவேண்டும். கறுப்பு அழகன் குறி தப்பாதவன். ஆனால் அந்தக் கடையில் இருந்த மாடலோடு தொலைநோக்கியும் தாங்கு காலும் சேர்த்து மாட்டியிருந்ததால் கனம். பெஞ்சுப்பலகையைக் கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே பிரித்துப் பூட்டலாம்.

"தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்" என்றார் அக்கா. காலி துப்பாக்கிதானா என்று தானே திறந்து பார்த்தார். சுவரை நோக்கித் தோளில் பிடித்தார். ஒரு நிமிடம் இல்லை, ஒவ்வொன்றையும் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். கடையில் இருந்த தொப்பிக்காரர்கள் எல்லாம் வாங்க வந்ததை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். என் கறுப்பு அழகன் ஆறாவது நிமிடத்தில் மூக்கைத் தொங்கப்போட்டான்.

"பட்டி முன்னால காத்துக் கெடக்கப் போறது நான். அட்டைப் படத்துல நிக்கப் போறது யாரு?" என்று சொல்லி, பெஞ்சுப்பலகையை எடுத்தார். வாங்கிய பிறகும் கிழவரை விடவில்லை. அங்கேயே நான்குமுறை பிரித்துப் பூட்டினார். ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டு செய்தார். கிழவர் கடைக்காரரிடம், "இந்த அம்மாவுக்கு வேலை வேண்டுமென்றால் என் ரிப்பேர் மேசையில் பாதியைத் தருகிறேன்" என்றார். கயல் அதற்குப்பின் பல்லைக் கடிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் ஹேங்கின் மேற்பார்வையில் தகர டப்பாக்களைச் சுட்டுப் பழகினார். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. பிளானோவின் எட்டுக் குடும்பங்களும் பண்ணையில் கூடினோம். கத்தி, கத்தரிக்கோல், கார்ச் சாவி, என் கால்குலேட்டர், நடுநாயகமாகக் காலி செய்து துடைத்து வைத்த துப்பாக்கி. சந்தனம் பூசும் பொறுப்பு என்னுடையது. பூசுவதில் கஞ்சத்தனம் பார்க்காத பரம்பரை நான். மேலே பூசியது போதாதென்று, தோட்டா நுழையும் இடத்தில் ஒரு பெரிய பொட்டு வைத்து நடுவில் குங்குமமும் இட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாதே. அது அப்படியே காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. விடிகிற நேரத்தில் ஆடுகள் கத்தின. இரவு பண்ணையிலேயே தங்கிவிட்ட நானும் வீட்டாரும் வாசலுக்கு ஓடினோம். வேலிக்குள் மூன்று கயோட்டிகள். ஒன்று ஒரு குட்டியின் பின்னங்காலைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா நைட்டியோடு வந்து, தோட்டாவைப் போட்டு, தோளில் வைத்து விசையை அழுத்தினார். சத்தமே இல்லை. தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற இரும்புக் கதவு என் சந்தனத்தில் மாட்டி முழுதாக மூடவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு வந்த வசவுகளை எழுதி ஒரு அகராதி போடலாம். அந்தப் பார்வைக்கு ஒரு வார்த்தையும் கிடைக்காது.

"தம்பி, கையைத் தட்டு. சத்தம் போட்டுக்கிட்டே இரு."

நான் பூஜைத் தட்டைக் கரண்டியால் அடித்துக் கத்தினேன். அண்ணன் நடுங்கிய குரலில் தேவாரம் பாடினார். அக்கா படியில் உட்கார்ந்தார். தோட்டாவை வெளியே எடுத்தார். விரலால் பிரித்தார். நைட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். பூட்டினார். குக்கர் ஒரு விசில் விடுவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகும் சுடவில்லை. "அக்கா, சுடுங்க!" என்று அலறினேன். "அதுக்குப் பின்னால ஹேங்க் கொட்டகையில விளக்கு எரியுது. ஆள் பால் கறக்கறாரு" என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் இருபது தப்படி நிதானமாக நடந்தார். குட்டி கதறிக்கொண்டே இருந்தது. கயோட்டிக்குப் பின்னால் வெறும் மண்மேடு வந்ததும்தான் நின்றார். சுட்டார். ஒன்று விழுந்தது. அடுத்த தோட்டா இரண்டாவதன் காலடி மண்ணைக் கிளப்பியது. மீதி இரண்டும் வேலிக்கடியில் புகுந்து ஓடின. அந்தக் குளிர்காலம் முழுக்க அவை திரும்பவில்லை. பட்டி நின்றது. சாத்தூருக்கு டிக்கெட் போடவில்லை.

அன்று ஹேங்க் நடந்து வந்து, அக்கா எந்த இடத்தில் நின்று சுட்டார் என்று பார்த்தார். ஏன் நகர்ந்தார் என்று புரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "டெக்சஸில் பிறந்தவர்களில் பாதிப் பேர் நகர்ந்திருக்க மாட்டார்கள்" என்றார். எனக்கு ஏனோ நானே சுட்டது மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. சந்தனத்தைப் பற்றி அக்கா ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் பற்றி ஒரு வம்பும் கிடைக்காமல் நான் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. என்னைப் பற்றிக் கிடைத்த நல்ல வம்பை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஆகவே நானே அச்சிலேற்றுகிறேன்.

போன் வந்த வாரமே வியாழக்கிழமை அக்காவின் இறுதிச் சடங்கு. விமானத்தில் போனேன். ஊர்வலம் பண்ணை வழியாகத்தான் சென்றது. டெக்சஸில் ஒரு வழக்கம்: சவ வண்டி வந்தால் எதிரே வருகிறவர்கள் ஓரங்கட்டி நிற்பார்கள். பிக்கப்புகளும் லாரிகளும் பள்ளிப் பேருந்தும் நின்றன. உள்ளே இருப்பது யாரென்று தெரியாத ஆண்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். ராணிக்குக் கொடுக்கிற மரியாதை. அக்காவுக்கு அது சற்றும் அதிகமில்லை.

பண்ணை வாசலில் கயல் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, வேலியோரம் போய், விரல் நீட்டி ஒவ்வொரு ஆடாக எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. முடியும்வரை அத்தனை வண்டிகளும் பொறுத்திருந்தன. திரும்பி வந்து சவ வண்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆல் ஹியர், அம்மா."

போய்வாருங்கள் அக்கா. பட்டியை அவள் பார்த்துக்கொள்வாள்.