பெனிக்னாவின் பல்செட்டு

எர்மோ கட்டிய பல்செட்டைப் போட்டுக்கொண்டுதான் பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊரில் பாதிக் கிழடுகள் பன்றிக்கறி மென்றன. அவன் பெண்டாட்டி பெனிக்னாவோ மேல்வரிசைப் பல் போய் ஆறு வருடமாகப் பொக்கை வாயோடு இருந்தாள். கேட்டபோதெல்லாம் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான், மகராசன்!

ஒருவழியாகப் போன திருவிழாவுக்கு அக்ரிலிக் திரவத்தைப் பொடியில் குழைத்து, ஈறு நிறம் பார்த்து, அவளுக்கும் ஒரு செட்டு கட்டினான். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையும் மீன்தொட்டியும் அழகு நிலையத்துப் பெண்களின் ஒட்டு நகமும் அதே சரக்கில் செய்தவைதான். ஆனால் பெனிக்னா வாயில் ஏறியதும் அதன் மவுசே வேறு.

சந்தையில் அவளுக்கு நூடுல்ஸ் சூப் கடை; எல்லாரும் அவளைச் செல்லமாக 'நிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். கையால் வாயை மூடிக்கொண்டு பேசியவள் இப்போது வாய்விட்டுச் சிரித்தாள். ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டும் டொமேங் தினமும் இரண்டாவது கிண்ணம் வாங்கினான்.

"நிங், நீ சிரிச்சா சூப்புக்கு உப்பே வேணாம் போ!"

"அட போய்யா, ஜொள்ளு!" என்று அதற்கும் சிரித்தாள்.

பக்கத்திலேயே பல் கட்டும் கடை வைத்திருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த எர்மோவுக்கு வயிறு எரிந்தது. என் கையால் கட்டிய பல், எவனோ ரசிக்கிறான்!

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம், பல் ஊறிய கோப்பையில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினான். வெந்நீர் பட்டால் செட்டு கோணிவிடும். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அவனே சொல்லி அனுப்புகிற எச்சரிக்கை அது.

வந்து போட்டுப் பார்த்தாள், ஈறில் உட்காரவில்லை. கோப்பையைத் தொட்டாள்.

"சுடுதே. நீயாய்யா?"

எர்மோ அவசரமாகக் கோப்பையை எடுத்து வெந்நீரைக் கொட்டினான். அவள் கையால் வாயை மூடிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

"என்ன நிங், வீட்ல எழவா?" என்று டொமேங் கேட்டதைக் கேட்டு எர்மோ கூனிக் குறுகிப்போனான். அன்றே உட்கார்ந்து, முன்னதைவிட அழகாகப் புதுசு கட்டினான்.

அதைப் போட்டுக்கொண்டு சந்தையில் பழையபடி சிரித்தாள். சாயங்காலம் வீடு வந்ததும் கழற்றிக் கோப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"போட்டுக்கிட்டுச் சாப்பிடேன், நிங்" என்று கெஞ்சினான்.

"அங்க சிரிப்பு வருது, போட்டுக்கிறேன். இங்க எதுக்கு?"

சொல்லிவிட்டு மீனைச் சோற்றோடு பிசைந்து, மெல்லாமலே விழுங்கினாள்.