பச்சை ரிப்பன் கட்டிய சிறுமி

தாய்மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று மகிழினி போட்ட கூச்சலில், காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

சூரியபிரகாஷ் மடியை விரித்தபடியே திகைத்துப் போனான். வாடிப்பட்டிப் பக்கத்துக் குலசாமி கோயில். பந்தல் நிறையச் சொந்தபந்தம். அவன் தோளிலேயே வளர்ந்த அக்கா மகள், ஏழு வயதுக்காரி, அவனைக் கண்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிகிறாள்.

"ஏய், நம்ம மாமாடி!" என்று அக்கா பாண்டீஸ்வரி இழுத்தாள்.

"மாமா வேணாம்!"

"என்ன மாப்ள, பிள்ளைய எதுவும் அடிச்சியா?" என்றார் மகிழினியின் அப்பா, மச்சான் தங்கப்பாண்டி. சிரித்துக்கொண்டுதான் கேட்டார், கண்ணில் சிரிப்பில்லை.

"நேரம் போகுதப்பா. சித்தப்பன் மடியில வச்சுக் குத்துங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

சூரியபிரகாஷ் மடியை மடக்கவில்லை. இந்த மடி இன்று கைமாறினால், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன். பசுமலையில் பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடிக்கொண்டே ஆனையூரில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறான். பேங்க் ஆப்பிலிருந்து மாத்திரை அட்டை வரை வீட்டில் எல்லாவற்றையும் அவனிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. படித்தவன் அப்படிச் சொல்லலாமா என்று நினைத்தான்.

அனிமே என்னும் ஜப்பானியப் பொம்மைப்படங்களிலும் அதே கதைதான். கபடி ஆடும் நண்பன் ஜெயபாண்டிக்கு, ஓயாமல் தோற்கும் ஒரு படகுப்போட்டி அணியின் தொடரைச் சொன்னான். கடையில் கூட வேலை பார்க்கும் முபீனாவுக்கு, கைகூடக் கோத்துக்கொள்ளாத மெதுவான காதல் கதை; அதை மங்கா என்னும் படக்கதைப் புத்தகமாகப் படித்தால்தான் சுகம் என்றான். துப்பறிய விரும்புகிறவர்களுக்கு ஒன்று, பேய் பிடிக்கும் என்பவர்களுக்கு ஒன்று. அதில் பாதியை அவன் பார்த்தது கிடையாது. யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, பார்த்தவன் மாதிரியே சொல்வான்.

போன வாரம் அக்கா கேட்டாள், "பிள்ளைக்கு ஏத்த மாதிரி பொம்மைப்படம் ஒண்ணு சொல்லுடா." உருண்டைக் கண்ணும் பச்சை ரிப்பனுமாக ரொட்டிக் கடை நடத்தும் ஒரு சிறுமியின் படம் கண்ணில் பட்டது. அதையே சொன்னான். அக்காவும் பிள்ளைக்குப் போனில் போட்டுக் கொடுத்துவிட்டாள். விழாவுக்கு அடித்த பிளெக்ஸ் பேனரிலும் அந்தப் பொம்மைச் சிறுமியை வைத்து, அவள் தோளில் தான் கைபோட்டு நிற்பதுபோல ஒட்டிவிட்டான்.

வாசலில் அந்தப் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு ஜெயபாண்டி வேகமாக உள்ளே வந்தான். "மாப்ள, அதையாடா வச்ச? நாலாவது எபிசோட்ல வாய் காது வரைக்கும் கிழிஞ்சு, கூடப் படிக்கிற பிள்ளைகளை எல்லாம் முழுங்குமேடா! எனக்கே ரெண்டு நாள் சோறு இறங்கல."

சூரியபிரகாஷ் எழுந்து போய் மகிழினியின் முன்னால் குந்தினான்.

சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, நீ அவ கூட்டாளியா?"

சமாளிக்க ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

"மாமா அதைப் பாக்கவே இல்லடா. தெரியாமச் சொல்லிட்டேன்."

"பாக்காமலா சொன்ன?" என்றாள் பாண்டீஸ்வரி. கையிலிருந்த சந்தனக் கிண்ணம் சாய்ந்து வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சேலை மெல்ல விலகியது. "அப்ப அவ வாயத் தொறக்குறது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

மகிழினி அவனைப் பாவமாகப் பார்த்தாள். "நீ பாத்துறாத மாமா. பயந்துருவ."

அவளாகவே வந்து மடியில் ஏறினாள். ஆசாரி ஊசியை எடுத்தார். "கண்ண மூடிக்க மாமா" என்றாள் அவள். அவன் மூடிக்கொண்டான்.

அப்போதுதான் தங்கப்பாண்டி தன் அப்பாவிடம் பதறிக் கேட்பது காதில் விழுந்தது.

"யப்பா, இவன் படிச்சுச் சொன்ன அந்த மாத்திரைய இன்னைக்கும் போட்டுட்டீங்களா?"