பாலத்துக்குள் போன மேஸ்திரியின் நிழல்

எங்கள் ரயில் நிலையத்தில், டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. இஸ்கர் ஆற்றின் நடுவே பாதி எழும்பிய பாலத்தூண். அதன்மேல் பதினோரு கொத்தனார்கள். பத்துப் பேர் மீசையை முறுக்கிவிட்டு நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் தன் சவ ஊர்வலத்தைத் தானே பார்ப்பவர்போல் விழிக்கிறார். அவர்தான் டிரெண்டாஃபில் மேஸ்திரி.

பாலம் நிலைக்க ஒரு மனிதனின் நிழல் கல்லுக்குள் போக வேண்டும் என்பது எங்கள் கொத்தனார்களின் நம்பிக்கை. நிழல் விழுந்த சாந்தின் மேல் கல்லை வைத்துவிட்டால், நிழலுக்குரியவர் நாற்பது நாளில் போய்ச் சேர்வார். வழிப்போக்கர்களை நைசாகப் பேசி வெயிலில் நிறுத்துவதில் மேஸ்திரி கில்லாடி. அவர்களில் யாராவது செத்தார்களா என்று அவர் விசாரித்ததே இல்லை.

1895 கோடையில் செக் நாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். "யாரும் அசையக் கூடாது!" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினார். அப்போதுதான் மேஸ்திரி பார்த்தார். தன் நிழல் ஈரச்சாந்தின் மேல் கிடக்கிறது. அதற்கு நேர் மேலே, அந்தப் பத்துப் பேரில் ஒருவனான வூதே, படத்துக்காகக் கல்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

"டேய் வூதே, வச்சிராதடா!" என்றார், உதடு அசையாமல்.

"கை கழண்டுரும் போல இருக்கு மேஸ்திரி!"

"வச்சே, கொன்னுடுவேன்!"

"சாகப்போறது நீங்க. நீங்க எங்க என்னைக் கொல்றது?" என்று வூதே கல்லை வைத்துவிட்டான்.

மேஸ்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்தான். மனைவி நேதா வடித்த கண்ணீரை எழுத என் பேனாவுக்குத் தெம்பில்லை. தினமும் அழுதுகொண்டே பாலாடைக்கட்டி வைத்த பனீத்ஸா சுட்டாள். அவரும் அழுதுகொண்டே தின்றார்.

முப்பத்தொன்பதாம் நாள் அவள் கையைப் பிடித்தார். "நேதா, உங்கம்மாவோட கிடாவை ஓநாய் தூக்கலைடி. நாங்க கொத்தனாருங்கதான் சுட்டுத் தின்னோம்."

அவள் மூக்கைச் சிந்தினாள். "போற மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்ல? மன்னிச்சுட்டேன்யா."

"அந்த ஓநாயைத் தேடிப் போய்த்தானே உங்கப்பா காலை உடைச்சுக்கிட்டாரு..."

"அதையும்தான்."

நாற்பத்தோராம் நாள் பளபளவென்று விடிந்தது. "நேதா, பசிக்குதுடி" என்றார் மேஸ்திரி.

அவள் மாவுக்கட்டையோடு வந்தாள். "சாகுறேன்னு சொல்லி வாங்கின மன்னிப்புய்யா அது! திருப்பிக் குடு!"

சட்டையோடு மட்டும் ஓடியவர், ரயில் பாதை போட்டு முடியும்வரை அக்கரையில் கொத்தனார்களின் கூடாரத்திலேயே கிடந்தார். முதல் ரயில் வந்த அன்றுதான் நேதா மனம் இறங்கினாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. பேண்டு வாத்தியம் முழங்க, ஊரே பார்க்க, மேஸ்திரி தன் மாமனாரை முதுகில் சுமந்து ரயிலில் ஏற்றினார்.

மாமனார் நல்ல கனம்.