மஞ்சள் கோப்பிலிருந்து சாம்பல் கோப்புக்கு

குழந்தைகள் பிரிவில் மற்ற எல்லோரும் பிள்ளைகளை உள்ளே சேர்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறார்கள். நான் அவர்களை வெளியே அனுப்பச் சம்பளம் வாங்குகிறேன்.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனை. நர்சாகச் சேர்ந்தேன். சர்க்கரை, இதயம், வலிப்பு என்று சின்ன வயதிலேயே வந்து விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் நோய்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆனதும் குழந்தை டாக்டரிடமிருந்து பிரித்து, எதிர்க் கட்டடத்தில் இருக்கும் பெரியவர்கள் டாக்டரிடம் சேர்ப்பது இப்போது என் வேலை. பழைய ரோமாபுரியில் பையனுக்கு வயது வந்ததும் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி ஊரறிய விழா எடுத்தார்களாம். எங்களிடம் கோப்பின் நிறம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறும், அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு நிறங்களுக்கு நடுவே காணாமல் போகிற பிள்ளைகள் உண்டு. பழைய டாக்டரிடம் வருவதில்லை, புது டாக்டரிடம் போவதில்லை. சில மாதம் கழித்து ஆம்புலன்ஸில் வருவார்கள். அதைத் தடுக்கத்தான் நான்.

நீங்களும் வளர்ந்த பிள்ளையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். "என்னம்மா பண்ணுது?" என்று அவர் பிள்ளையைக் கேட்டதும் நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நாம் எல்லோரும் ஒரே கட்சி. ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன், மற்றவற்றை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கதவுக்கு வெளியே ஒரு குரல்

ஸ்ருதிக்கு ஏழு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல. ஒவ்வொரு வேளைக்கும் இன்சுலின் போட்டாக வேண்டிய வகை. அப்பா சுந்தரம் துறைமுக அலுவலகத்தில் வேலை. அம்மா கல்யாணி வீட்டில். லேக் மார்க்கெட் பக்கம் வாடகை ஃப்ளாட். பதினொரு வருடமாக அந்த வீட்டில் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது: எத்தனை யூனிட் என்பது அம்மாவின் இலாகா, ஊசி மகளின் இலாகா. கல்யாணி தட்டைப் பார்ப்பார், மனதுக்குள் கணக்குப் போடுவார், இன்சுலின் பேனாவைத் திருகி எண்ணை வைத்து நீட்டுவார், ஸ்ருதி குத்திக்கொள்வாள். பள்ளிக்கூட நாட்களில் டிபன் டப்பா மூடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் '7' என்றோ '6' என்றோ எழுதியிருக்கும். வேறு விளக்கம் கிடையாது.

இப்போது ஸ்ருதிக்குத் துர்காபூரில் இன்ஜினியரிங் இடம் கிடைத்துவிட்டது. விடுதியில் தங்க வேண்டும். ஆகஸ்டில் சேரவேண்டும். என்னிடம் இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. இந்தப் பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று கடைசியில் நான் கையெழுத்துப் போடவேண்டும். "நீங்க போட்டா அனுப்பறேன் சிஸ்டர், இல்லேன்னா இங்கயே ஏதாவது காலேஜ்" என்று கல்யாணி சொல்லிவிட்டார். சுந்தரம் மனைவியின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்ருதி என்னையே பார்த்தாள். இரண்டு பேரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் தொழிலின் முக்கியமான கருவி அந்தக் கதவுதான்.

"ராத்திரி போடற இன்சுலின் எத்தனை யூனிட்?" என்று ஸ்ருதியைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "பதினெட்டு! சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டீங்கன்னா ரெண்டுமில்ல, டாண்ணு பத்து மணிக்கு!"

ஃபுச்காவின் கணிதம்

அடுத்த முறை அம்மாவைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பினேன். தேவையில்லாத ஒரு மருந்துச் சீட்டோடு அனுப்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஸ்ருதியிடம், "இந்த ரூம்ல நீ சொல்றது இங்கயே இருக்கும். உனக்கு வயசு பதினெட்டு, நீயா சொன்னாத்தான் அம்மாவுக்கே தெரியும்" என்றேன். இப்படிச் சொல்வது விதி. இதற்குப் பெரும்பாலும் தோளைக் குலுக்குவதுதான் பதிலாக வரும்.

"இன்னிக்கு அம்மா பக்கத்துல இல்ல. தட்டுல ரெண்டு லூச்சி, ஆலூர் தம். எத்தனை யூனிட்?" என்றேன். பூரியையும் உருளைக்கிழங்கையும் வைத்துப் பரீட்சை வைக்கிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. "லூச்சி என்ன சைஸ்? வீட்டு லூச்சியா, கடை லூச்சியா?" என்று திருப்பிக் கேட்டாள். இந்தத் திருப்பிக் கேட்கிற கேள்விக்கே என் படிவத்தில் மதிப்பெண் உண்டு. எங்கே கற்றுக்கொண்டாள்? அம்மா சீட்டில் எண்ணை மட்டும்தானே எழுதுவார்?

ஸ்ருதி கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பதினொன்றாம் வகுப்பிலிருந்து டியூஷன் முடிந்து தோழிகளோடு பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலில் ஃபுச்கா சாப்பிடுகிறாளாம். பானிபூரிதான், இங்கே அதற்கு அந்தப் பெயர், பெருமையும் ஒரு படி அதிகம். முதல் வாரம் யூனிட்டைக் குறைத்துப் போட்டுச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. அடுத்த வாரம் கூட்டிப் போட்டுக் கை நடுங்கியது, பையிலிருந்த குளுக்கோஸைத் தின்று சமாளித்தாள். ஒவ்வொன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, இரண்டு மாதத்தில் ஒரு சூத்திரத்துக்கு வந்துவிட்டாள். இதற்குப் பெயர் ஆராய்ச்சி. நான் படித்த பல ஆராய்ச்சிக் கட்டுரைகளை விட இதில் நேர்மை அதிகம். இத்தனை கெட்டிக்காரியைக் குறித்து அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்பதுதான் கொடுமை. இங்கத்துப் பிள்ளைகளைப் போல அவளும் என்னை 'மாஷி', அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள். கீழிருந்து லிஃப்ட் வரும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள்: "எட்டு ஃபுச்காவுக்கு நாலு யூனிட், மாஷி, கடைக்காரர் ஆலுவை அமுக்கி வச்சா அஞ்சு. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

சுந்தரம் உள்ளே போனார்

படிவத்தின் அடுத்த கட்டம், பெரியவர்கள் பிரிவுக்கு ஒரு முன்னோட்ட வருகை. அங்கே சுவரில் முயல் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, யாரும் யாரையும் கொஞ்சுவதில்லை. ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து சர்க்கரை அளவுகளை ஸ்கோர் போல ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நோயாளி மட்டும்தான் உள்ளே போகலாம். நம் ஊர்க்காரர்களுக்கு வங்காளிகளைப் போலக் குடும்பப் பெயர் இல்லாததால், விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அப்பா பெயரை எழுதிவிடுகிறோம் அல்லவா? ஆகவே ஸ்ருதியின் பெயர் பலகையில் 'எஸ். சுந்தரம்' என்று ஒளிர்ந்தது. வாசலில் இருந்த உதவியாளர் "சுந்தரம்!" என்று கூப்பிட்டார். முப்பது வருடம் ஆபீஸ் போன மனிதர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வார்? எழுந்து உள்ளே போய்விட்டார். ஸ்ருதி காதில் இயர்ஃபோனோடு இருந்தாள். கல்யாணி தண்ணீர் பாட்டில் நிரப்பப் போயிருந்தார். நான் எதிர்க் கட்டடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன்.

வாசலிலேயே அவருக்கு எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பணிவாகக் கையை நீட்டினார். டாக்டர் பௌமிக் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், எத்தனை வயதில் சர்க்கரை வந்தது என்று கேட்டார். "ஏழு" என்றார். காலையில் எத்தனை யூனிட்? "ஆறு." மதியம்? "எட்டு." ஒரு பதில்கூடத் தப்பில்லை. மகளுக்காகப் பதில் சொல்லுகிறோம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாக அப்படித்தானே நடந்தது? நான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது டாக்டர் அப்போதுதான் திரும்பி நோயாளியின் முகத்தைப் பார்த்திருந்தார். அளந்த ரத்த அழுத்தம் நூற்று அறுபது. அதனால் சுந்தரத்துக்கு அன்றே தனியாக ஒரு சாம்பல் கோப்பு திறந்தார்கள். டாக்டர் நிதானமாக என்னைக் கேட்டார்: "பெண், வயது பதினெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. இந்த மீசையைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?"

மசால் தோசைப் பரீட்சை

சிரித்தது நானும் டாக்டரும்தான். தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து விஷயத்தைக் கேட்ட கல்யாணி சிரிக்கவில்லை. "பாத்தீங்களா சிஸ்டர்? இவ பேரைக் கூப்பிட்டது இவளுக்கே தெரியல. காதுல அந்தக் கருமத்தை மாட்டிட்டு உக்காந்திருக்கா. இவளையா தனியா அனுப்பச் சொல்றீங்க? துர்காபூர்ல மயங்கி விழுந்தா யாரு பாப்பா?" என்றார். ஸ்ருதிக்குக் கண் கலங்கிவிட்டது. விடுதிக்குப் பணம் கட்ட ஒரு வாரம்தான் இருந்தது. அம்மாவின் பயம் பொய்யில்லை. அப்படி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபுச்கா ரகசியத்தைச் சொல்லவும் எனக்கு வழியில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் நம்மவர் ஹோட்டல் ஒன்றில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஸ்ருதி முன்னால் ஒரு மசால் தோசை. கல்யாணியின் கை தானாகப் பேனாவை நோக்கிப் போனது. "கையை மடியில வச்சுக்குங்க, கல்யாணி. இது பரீட்சை ஹால்" என்றேன். ஸ்ருதி விரலில் குத்திப் பார்த்தாள், நூற்றுப் பத்து. தோசையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எவ்வளவு கிழங்கு என்று பார்த்தாள். பேனாவை ஆறுக்குத் திருகினாள். "அஞ்சு போதும்டி" என்றார் அம்மா. "ஆறும்மா" என்றாள். குத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக எண் கை மாறியது. கல்யாணி தன் காப்பியைத் தொடவே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விடை தெரியும். அதுவரை மார்க்கெட்டைச் சுற்றினோம். கல்யாணி முருங்கைக்காய் வாங்கினார், கறிவேப்பிலை வாங்கினார், வீட்டில் அரை மூட்டை இருக்கும்போதே புளியும் வாங்கினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மகளின் நெற்றியைத் தொட்டு வேர்க்கிறதா என்று பார்த்தார். ஜூன் மாதம், கொல்கத்தா. எங்கள் மூன்று பேருக்கும்தான் வேர்த்தது. நேரம் ஆனதும் ஸ்ருதி மீண்டும் விரலில் குத்தினாள். நூற்று முப்பத்தெட்டு. இதைவிட நல்ல எண்ணை என் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணி மீட்டரைக் கையில் வாங்கினார், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "சரி, கையெழுத்துப் போடுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், நாலடி தள்ளிப் போய்த் திரும்பினார்: "ஆனா அந்த ஹோட்டல்காரன் இன்னிக்கு மசாலா கொஞ்சம் கம்மியாத்தான் வச்சிருந்தான்."

ஒரு வியாழக்கிழமை

ஸ்ருதி துர்காபூர் போனாள். பெரியவர்கள் பிரிவில் அவளுடைய முதல் தனி வருகை அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு. காலை ரயிலில் ஹவுரா வந்து நேரே வருவதாக ஏற்பாடு. நான் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று பத்தரைக்கே போனேன். அங்கே கல்யாணியும் சுந்தரமும் சும்மா எட்டிப் பார்க்க வந்திருந்தார்கள்.

பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. பெயர் பலகையில் வரவில்லை. ஃபோனை எடுக்கவில்லை. சுந்தரம் வாசலுக்கும் லிஃப்டுக்குமாக நடந்தார். இந்தத் தொழிலில் நான் பயப்படும் ஒரே விஷயம் இதுதான்: முதல் தனி வருகைக்கு வராத பிள்ளை. கவுண்டர் பெண்ணிடம் போய், ஸ்ருதி சுந்தரத்தின் அப்பாயின்ட்மென்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "பேஷன்ட்டுக்குப் பதினெட்டு ஆயிருச்சு, மேடம், மத்தவங்களுக்குச் சொல்லக் கூடாது" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். அந்த அறிவிப்பை எழுதியது நான். மூன்று வரியில் இரண்டு அரைப்புள்ளிகள் போட்டு, அச்சுக்காரரோடு அதற்காகச் சண்டையும் போட்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்ருதியே கூப்பிட்டாள். லேபில் இருந்தாளாம். இன்று லேப் தேர்வு என்று பத்து நாளைக்கு முன்பே தெரிந்ததால், கவுண்டருக்கு ஃபோன் செய்து அடுத்த சனிக்கிழமைக்குத் தேதியை மாற்றிக்கொண்டாளாம். இன்சுலின் அதுவரை போதுமா என்று எண்ணிப் பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக அங்கேயே வாங்கி விடுதி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாளாம். நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். மூன்று பேரும் குனிந்து கேட்டோம். "சாப்பிட்டியா?" என்றார் கல்யாணி, "ஊசி போட்டியா?" என்றார் சுந்தரம். பிறகு அவள் கேட்டாள்: "மாஷி, பேஷன்ட் நான் இங்க இருக்கேன். நீங்க மூணு பேரும் அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

இத்தனை வருடத்தில் நான் எந்தப் பதினெட்டு வயதையும் பெரியவர் ஆக்கியதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், அவர்களைப் பெற்ற ஐம்பது வயதுகளை வெளியே பெஞ்சில் உட்காரப் பழக்கியிருக்கிறேன், அந்தப் பரீட்சையில் நானே இன்னும் தேறவில்லை.