மாட்டுத் தொட்டியில கார்ப்பரேட்டர் கழுவுன கதை

எங்கப்பா பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோற பைக்கோட கார்ப்பரேட்டர, அழுக்கடைச்சிருக்குன்னு நான் கழட்டிப் போட்டுட்டேன். "சாயங்காலப் பாலுக்குள்ள வண்டி ஓடோணும், இல்லீனா கேன நீதான் சொமக்கோணும்"னுட்டாரு.

பெட்ரோல்ல கழுவுனா பளிச்சுன்னு ஆயிரும். ஆனா நான் வேலை பாத்த எங்கூட்டுக் கார் ஷெட்டுக்குப் பக்கத்துலயே சுடுதண்ணி அடுப்பு, புஸ்ஸுன்னு புடிச்சுக்கும். அதனால டீசல். அழுக்கு மெதுவாத்தான் எறங்கும், ஆனா அவ்ளோ சட்டுனு தீப்புடிக்காது. மாட்டுக்குக் கழனித்தண்ணி வெக்கற தொட்டியத் தூக்கியாந்து டீசல ஊத்துனேன். பயிருக்கு மருந்தடிக்கற பம்புலயும் டீசல ஊத்தி, மொனையில இருக்கற நாசிலக் கழட்டிட்டு ஓஸ்ல பீச்சுனேன். மெக்கானிக் கடையில சாமான் கழுவற மாதிரி பார்ட்ஸ் வாஷர் ரெடி! மூணு மணிக்கெல்லாம் வண்டி ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆயிருச்சு. செம கெத்தா நின்னேன்.

அப்பத்தான் அம்மா கத்துச்சு, "மாட்டுத் தொட்டி எங்கடா?"

எங்க மாடு அந்தத் தொட்டி முன்னால இருந்தாத்தான் பால் சொரக்கும். தொட்டியோ ஒரே டீசல் நாத்தம். புது பக்கெட்ட வெச்சா மூஞ்சியத் திருப்பிக்குது.

"வண்டி ரெடி, சரி. கேனுக்குப் பால நீ குடுக்கறயா சாமி?"ன்னுச்சு அம்மா.

புண்ணாக்க டபுளாக் கரைச்சு, கழுத்தச் சொறிஞ்சு, கெஞ்சி, அரைமணி நேரம் கழிச்சுத்தான் பக்கெட்டுல குடிச்சுது, பாலும் சொரந்துச்சு. அப்பா பறந்துபோயி சொசைட்டி மூடறதுக்குள்ள பால ஊத்திட்டாரு.

மாட்டுக்கு இப்ப பக்கெட்டுதான். தொட்டி என்னோடது.