வருகை வாசலில் இரண்டு சங்கங்கள்

1. சனிக்கிழமை காலை ஹவானாவிலிருந்து தொலைபேசி வந்தது: எர்னானைச் சிறையிலிருந்து நேராக விமான நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள்.
2. நாட்டை விட்டுப் போய்விட வேண்டும், திரும்பக் கூடாது என்பது விடுதலைக்கு நிபந்தனை.
3. அவருடைய அக்கா மரிசெல் அழுதார், சிரித்தார், அடுப்பிலிருந்த பீன்ஸைத் தீயவிட்டார்.
4. என்னையும் விமான நிலையத்துக்கு வரச் சொன்னார்.

நான் கோவைக்காரி. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் மூன்று வாரப் பயிற்சிக்காக கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து, லாசால் பகுதியில் மரிசெல் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய தம்பி கணித ஆசிரியர். கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றே ஆளும் கியூபாவில், இரண்டாவதாக ஒரு கட்சி இருக்கலாம் என்று கையெழுத்துச் சேகரித்ததற்கு நான்கு ஆண்டு சிறை.

பிற்பகல் இரண்டு மணி. டாக்சி கட்டணம் முப்பத்தெட்டு டாலர். ஏப்ரல் மாதம், சாலையோரத்தில் கறுத்துப்போன பனி. ஓட்டுநர் சேவியர் அண்ணன் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆளை நேரில காணும் வரைக்கும் நம்பேலாது தங்கச்சி. கடைசி நிமிசத்திலயும் பிளேனிலயிருந்து இறக்கியிருப்பாங்கள்."

மரிசெல்லுக்கும் அதே பயம்தான். அண்ணன் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வருகை வாசலில் இடப்பக்கம் நீலப் பதாகையுடன் ஏழு பேர், வலப்பக்கம் வெள்ளைப் பதாகையுடன் ஐந்து பேர். எல்லோரும் இங்கு வாழும் கியூபர்கள். அந்தப் பணம் அரசுக்கே போகும், அதனால் கியூபாவுக்குச் சுற்றுலா போகக் கூடாது என்பது நீலச் சங்கம். போகலாம் என்பது வெள்ளைச் சங்கம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு சேவியர் அண்ணனும் உள்ளே வந்துவிட்டார். "இதைப் பாக்காமல் போகேலுமோ? பன்னிரண்டு பேருக்கு ரெண்டு சங்கம்! எங்கட ஆக்கள் மாதிரியே கிடக்கு."

"உங்களுக்கு இங்க எத்தன சங்கம் அண்ணா?"

"அதை மட்டும் கேக்காதையும் பிள்ளை. நான் ரெண்டில செயலாளர். ரெண்டு செயலாளரும் கதைக்கிறேல்லை."

மூன்றரைக்கு ஹவானா விமானத்துப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். வெயிலில் சிவந்த கியூபெக் மாகாணத்துச் சுற்றுலாக்காரர்கள், ஓலைத் தொப்பிகளோடு. பதாகைகள் தங்களை வரவேற்பதாக நினைத்த ஒருவர், "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி இரு பக்கமும் கையசைத்தார். பிறகு கூட்டம் குறைந்தது. கதவு திறப்பதே நின்றது. மரிசெல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அரை மணி நேரம் போனது.

கதவு திறந்தது. மெலிந்த மனிதர், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மரிசெல் தடுப்புக் கம்பிக்குக் கீழே குனிந்து ஓடினார். இரண்டு சங்கமும் சேர்ந்து கைதட்டின. சேவியர் அண்ணன் விசிலடித்தார்.

அக்காவின் பிடி தளர்ந்ததும் எர்னான் இரண்டு பதாகைகளையும் நிதானமாகப் படித்தார். பிறகு பேசினார். மரிசெல் சிரித்துக்கொண்டே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "ரெண்டுமே தப்பாம். யார் போகலாம், போகக் கூடாதுன்னே எழுதியிருக்காங்களாம். சிறைக்குள்ள இருக்கிறவங்க பேரு எங்கன்னு கேக்கிறான்."

நீலமும் வெள்ளையும் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. எர்னானின் குரல் உயர்ந்தது. சீருடைக் காவலர் ஒருவர் வந்தார். எர்னான் சட்டென்று வாயை மூடி, பையை மார்போடு அணைத்தார். வழியை மறிக்காமல் கொஞ்சம் ஓரமாக நின்று பேசும்படி காவலர் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

எர்னான் காவலரின் முதுகையே பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் மரிசெல்.

எர்னான் ஓரமாக நகர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், இன்னும் சத்தமாக.

நான் இப்போது கோவையில் இருக்கிறேன். நிலவரம் இதுதான்: எர்னான் அக்கா வீட்டில் நலமாக இருக்கிறார். மூன்றாவது சங்கம் தொடங்கிவிட்டார். அவரோடு சிறையிலிருந்த இரண்டு பேரை விடுவிக்கக் கோரும் மனுவில் மூன்று சங்கங்களும் கையெழுத்திட்டிருக்கின்றன. அந்த இருவரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.